தாடைக்குக் கீழே இரண்டு மேடுகள்



சடையங்குப்பத்தில் நம் சபையின் சகோதரி ஒருவர் நீரிழிவுக்காக உடல் எடையைக் குறைத்தார். முகம் மெலிந்ததும் தாடையின் கீழே இருபுறமும் இரண்டு மேடுகள் தெரியலாயின. முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டே ஆராதனைக்கு வந்தவர், "இதைச் சரிசெய்ய நினைப்பது பாவமா, பாஸ்டர்?" என்று கேட்டார்.

பாவமன்று. ஆனால் அம்மேடு இன்னதென்று அறியாமல் அதில் கைவைக்கலாகாது.

அது கொழுப்பன்று, உமிழ்நீர்ச் சுரப்பி. நாம் ஒன்றும் உண்ணாதிருக்கும் வேளையில் வாயை நனைக்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்விரண்டு சுரப்பிகளிலிருந்தே வருகிறது. (ஞாயிறுதோறும் நெடுநேரம் பேசுகிற எனக்கு அந்த ஈரத்தின் அருமை தெரியும்.) வயது ஏறும்போது இவை சற்றே கீழிறங்குவதும், உடல் மெலியும்போது வெளித்தெரிவதும் இயல்பே. நீரிழிவாலும் மதுப்பழக்கத்தாலும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பருப்பதும் உண்டு. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிபோசக்ஷன் இதற்கு உதவாது. மேலிருக்கும் போர்வையை விலக்கியதுபோல் மேடு இன்னும் துலங்கும்.

மீதமிருப்பவை இரண்டு வழிகள். ஒன்று போடாக்ஸ் ஊசி. வாய்நீர் ஓயாது ஒழுகும் நோயாளிகளுக்குப் பயன்படும் மருந்தினமே இது. சுரப்பைத் தணித்துச் சுரப்பியைச் சுருங்கச் செய்யும்; சில மாதங்களில் அதன் வேகம் தீர்ந்துவிடும், மீண்டும் போடவேண்டும். மருந்து அருகிலுள்ள தசைகளுக்குப் பரவினால் விழுங்குவது கடினமாகும்.

மற்றொன்று, கழுத்தைச் சீராக்கும் அறுவையின்போது சுரப்பியில் ஒரு பகுதியை வெட்டியெடுப்பது. பலன் நிலைக்கும், ஆபத்தும் பெரிது. முகத்திற்குச் செல்லும் தமனி அச்சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. உள்ளே இரத்தம் கசிந்து தேங்கினால் மூச்சே அடைபடலாம். கீழுதட்டை அசைக்கும் நரம்பும் அங்கேதான் இருக்கிறது; அது காயப்பட்டால் சிரிப்பு கோணும். வாய் வறண்டால் பற்கள் விரைவில் சொத்தையாகும், நீரிழிவுக்காரருக்கு இன்னும் விரைவில். அழகுக்காக இதைச் செய்யலாமா என்பதில் அறுவை மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. என்னைக் கேட்டால், கத்திக்கு அவசரமே வேண்டாம் என்பேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இருபுறமும் ஒத்து, மெத்தென்று, வலியின்றி இருப்பது பெரும்பாலும் இயல்பான சுரப்பியே. ஒருபுறம் மட்டும் வீங்கினாலும், கல்போல் இறுகினாலும், நாளுக்கு நாள் வளர்ந்தாலும் அழகைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவையுங்கள். உண்ணும்போது வீங்கி வலித்துப் பின்பு வடிந்தால் உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம். அத்தகைய கற்கள் மிகுதியாக உண்டாவது இந்தச் சுரப்பியில்தான். புகையிலை, மாவா போடுகிறவர்களுக்குக் கழுத்தில் நெறி கட்டி அது கரையாமல் நின்றால் வாய்ப் புற்றுநோயா என்று பார்த்தேயாகவேண்டும். ராயபுரத்துப் பக்கம், பழைய சிறைச்சாலைச் சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் முதலில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் அங்கே தனித்துறை இருக்கிறது; அதைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.