தோல் ஷாப்பிலிருந்து டிங்கர் பட்டறைக்கு

அப்பா தோல் ஷாப்பில் இருந்தார், மகன் டிங்கர் வேலைக்குப் போகிறான். ஆம்பூர், வேலூர் பக்கத்து எங்கள் தெருக்களில் இதை முன்னேற்றம் என்றே சொல்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. தோல் நாற்றத்தை வைத்தே சாதி சொன்ன ஊரில், நசுங்கிய கார் கதவை நிமிர்த்துகிறவனைப் பார்த்து யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மகனை அங்கே அனுப்ப யாருக்கு மனம் வரும்?

ஆனால் பட்டறைக்குள்ளும் பார்ப்போம். பட்டி போட்ட இடத்தை உப்புத்தாளால் தேய்க்கும் தூசி, ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் பெயிண்ட், எல்லாம் அவன் நெஞ்சுக்குள்தான் போகின்றன. பெயிண்ட்டில் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. பத்து வருடம் உழைத்தவனிடமும் சான்றிதழ் இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று 1936-லேயே அம்பேத்கர் விளக்கினார். ஆகவே வேலை மாறினால் போதாது. பட்டறை யார் கையில் இருக்கிறது என்பதும் மாற வேண்டும்.

ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் வாகன பாடி ரிப்பேருக்கும் பெயிண்டிங்குக்கும் ஓராண்டுப் பிரிவுகள் உண்டு. சொந்தப் பட்டறை வைக்க, தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35% மானியமும் 6% வட்டிச் சலுகையும் உண்டு. இது பட்டறையில் நிற்கும் தம்பிக்குத் தெரியாது. தோழர்களே, படித்த நாம்தான் அந்த விண்ணப்பத்தையும் முறையான சுவாசக் கவசத்துக்கான கோரிக்கையையும் அவனிடம் கொண்டுபோக வேண்டும்.