ஹாங்ஸ்வில் பாலைநிலத்திலே

ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் ஹாங்ஸ்வில் என்றொரு சிற்றூர் உண்டு. இருநூறு பேரளவில் வாழும் அவ்வூரில் பிரயாணிகள் நின்று பார்ப்பது, குன்றொன்றைக் குடைந்து அதன் வயிற்றினுள்ளே அமைத்த கடையையும் அதன் வாயிலில் உள்ள பெற்றோல் நிலையத்தையுமே. ஊரைக் கடந்து சில மைல் செல்ல, புழுதித் தடம் ஒன்று பிரிகின்றது. அதன் பெயர் 'மாட்டுச்சாண வீதி'. பெயர்ப்பலகையைக் கண்டு நகைத்த நாம், அடுத்த திருப்பத்தில் வாயடைத்துப் போனோம். மரமென்பது மருந்துக்கும் இல்லை. செம்மையும் சாம்பலும் வெண்மையும் வரிவரியாய்ப் படிந்த மொட்டைக் குன்றுகளே எத்திசையும். டைனோசர்கள் உலாவிய காலத்து ஆறுகளும் ஏரிகளும் விட்டுச்சென்ற வண்டல் இது. எரிமலைச் சாம்பலிற் பிறந்த களிமண் இதிற் கலந்துள்ளமையால், மழை பெய்தால் ஊதி வழுக்கும். காய்ந்தாற் சோளப்பொரி போல வெடித்துக் கிடக்கும்.

செவ்வாய்க் கிரகத்தை ஒத்த நிலம் தேடிய 'மார்ஸ் சொசைற்றி' என்னும் சங்கத்தார் இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். 2007 இல் அதனையொட்டிப் பல்கலைக்கழக மாணவர்க்கான றோவர்ப் போட்டியும் தொடங்கிற்று. பல தேசங்களிலிருந்து மாணவர் வருகின்றனர். அவர்கள் சமைத்த ஊர்தி 50 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. அது பொருள்களைச் சுமந்து கொடுக்கவும், ஆளியைத் திருப்பவும், மண்ணைச் சோதிக்கவும், வழிகாட்டுவார் இன்றித் தானே செல்லவும் வேண்டும்.

இவற்றினும் கடியது வேறொன்று. ஊர்தியை ஓட்டுவோர் அதனைக் கண்ணாற் காணலாகாது! அடைபட்ட கூடாரத்தினுள் கணனித் திரைமுன் அமர்ந்து, கமரா அனுப்பும் சிறு படத்தை மட்டும் நம்பி ஓட்டவேண்டும்.

நாம் கண்ட ஒரு குழுவின் ஊர்தி மேடொன்றின் மறைவுக்குச் சென்றதும் படம் உறைந்து நின்றுவிட்டது. ஓராண்டு உழைப்பு! பரீட்சைக்கும் பட்டறைக்கும் இடையே உறக்கத்தை விற்றுச் செய்த ஊர்தி. பாகம் பாகமாய்ப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்து விமானமேற்றிக் கொணர்ந்தது. நேரில் ஓடிச்சென்று திருத்த அனுமதி கேட்கலாம். கேட்டாற் புள்ளிகளில் 20 விழுக்காடு கழியும், கடிகாரமும் நிற்காது. "போவோம்" என்றான் ஓர் இளைஞன். "பொறு, தொடர்பு அற்றால் வந்த வழியே திரும்பச் சொல்லியல்லவோ வைத்திருக்கிறோம்" என்றாள் பக்கத்திலிருந்த பெண். அப்படிச் சொல்லிவைத்தவள் அவளே என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒருவரும் பேசவில்லை. கூடாரத் துணியைக் காற்று அடிக்கும் ஓசை மட்டுமே கேட்டது.

மெய்யான செவ்வாயிலோ ஓடிச்சென்று உதவுவார் எவருமிலர். இங்கிருந்து புறப்படும் கட்டளை அங்கே சேர, கிரகங்களின் தூரத்துக்கேற்ப 3 முதல் 22 நிமிடம் வரை செல்லும். 'ஸ்பிரிற்' என்ற ஊர்தி 2009 இல் மென்மணலிற் புதைந்தது. பொறியியலாளர் பல மாதம் முயன்றும் மீட்க இயலவில்லை. 2010 மார்ச்சில் அதன் குரலும் ஓய்ந்தது.

கூடாரத்துத் திரையில் முதலில் ஒரு கோடு அசைந்தது. பின்னர் செம்மண் தெரிந்தது, பின்னர் வானம். ஊர்தி தானாகவே மேட்டின்மீது ஏறி வந்திருந்தது. ஆர்ப்பரிக்க அவர்களுக்கு நேரமில்லை. எஞ்சிய நிமிடங்களில் ஒரு பொருளையே உரிய இடத்திற் சேர்க்க முடிந்தது. மற்றவை கிடந்த இடத்திலேயே கிடந்தன.

நேரம் முடிந்ததும் எல்லோரும் வெயிலுக்குள் ஓடினர். அந்தப் பெண் ஊர்தியருகே மண்டியிட்டு, சில்லுகளில் அப்பிய களிமண்ணை ஒரு திருப்புளியாற் சுரண்டத் தொடங்கினாள். மறுநாட் காலையில் அடுத்த சோதனை இருந்தது.