திண்ணையில் ஒரு பலகை, ஐந்து வயர்

கொஞ்சம் நீளமான பதிவு. விசாவுக்குக் காத்திருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசித்து, அவருக்கும் காட்டுங்கள்.

என்னிடம் சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படித்த ஒரு பொடியன் வளைகுடா நாடொன்றுக்கு ஏசி ஹெல்பராகப் போனான். ஏழாவது மாதம் திரும்பி வந்தான். வலது கை மணிக்கட்டுக்குள் பிளேட் வைத்திருந்தது. பார்க்கப் போனேன். உம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அழுதிருப்பார் போல.

"என்ன மகன் நடந்த?" என்று கேட்டேன்.

"சேர், செவத்தில இரிக்கிற தேர்மோஸ்டட்ட மாத்தச் சொன்னாங்க. அதுக்கு முந்தி வேல செஞ்ச சைட்டில எல்லாம் 24 வோல்ட். தொட்டாலும் ஒண்டும் செய்யா. இதுவும் அதே மாதிரிப் பெட்டிதான். பிரேக்கர ஓஃப் பண்ணல்ல. வயர இழுத்தன். மறுகா ஏணிக்குக் கீழதான் கண்ணத் தொறந்த."

அந்தப் பெட்டிக்குள் வந்தது 230 வோல்ட். உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வேலை போனது. போவதற்கு ஈடு வைத்த உம்மாவின் நகை அடைவிலேயே கிடக்கிறது.

எழும்பும்போது அவன் சொன்ன ஒன்று என்னோடு கூடவே வந்தது. "நீங்க படிப்பிச்சது எல்லாம் ஞாபகமிரிக்கி சேர். வோல்ட்டளவு எண்டா என்ன எண்டு வரைவிலக்கணம் இப்பவும் பாடம்." அவன் குறை சொல்லவில்லை. என்னைச் சந்தோசப்படுத்தத்தான் சொன்னான். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த வருடம் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில் என் தம்பி சவூதியிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தான். தம்மாம் பக்கம் 16 வருடமாக ஏசி வேலை. சாதாரண தரத்தில் கணக்குக் கோட்டை விட்டவன். அந்த நாளில் நான் பயிற்சிக் கலாசாலை முடித்த புதுசு. "உன்னைப் போல மண்டை எங்கட குடும்பத்தில் இல்லை" என்று வாப்பாவுக்கு முன்னால் வைத்து ஏசியிருக்கிறேன். அவன் அதைத் திருப்பிச் சொன்னதே இல்லை.

பொடியனின் கதையை அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "காக்கா, ஒரு பலகை எடுங்க. திண்ணையில வெச்சி நாலு புள்ளைகளுக்குக் காட்டுவம்" என்றான்.

அடுத்த நாள் இரண்டு பேரும் கல்முனைக்கு பஸ் ஏறினோம். 230 வோல்ட்டை 24 ஆக இறக்குகிற ஒரு ட்ரான்ஸ்போமர், 24 வோல்ட் கொயில் உள்ள மூன்று ரிலே, சின்ன பியூஸ், ஒரு பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், மல்டிமீட்டர் ஒன்று. தேர்மோஸ்டட் அவனுடைய சூட்கேசில் இருந்தது. சவூதியில் ஒரு வீட்டில் கழற்றிப் போட்ட பழசு.

நம்மட ஊர் வீடுகளில் அந்த மாதிரிப் பெட்டி சுவரில் இராது. உல்லையில் விடுதி நடத்துகிறவர்கள் பூட்டியிருக்கிற ஏசியில் எல்லாம் அது உள்யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. பில்டருக்குப் பின்னால் வெப்பத்தை உணர்கிற ஒரு சின்ன முனை, அதோடு ஒரு போர்ட். நாம் ரிமோட்டில் 26 என்று அமத்தினால் கணக்குப் பார்ப்பது அந்த போர்ட்தான். அங்கே பெரிய வீடுகளில் கூரைக்கு மேல் ஒரே மெஷின் இருக்கும். குழாய் வழியாக எல்லா அறைக்கும் குளிர் போகும். அதற்குக் கட்டளை கொடுக்கத்தான் சுவரில் பெட்டி.

பலகை வேலை முடிய மூன்று நாள் எடுத்தது. 230 வோல்ட் பக்கம் முழுவதையும் தம்பி ஒரு மூடின பெட்டிக்குள் வைத்து ஸ்க்ரூ போட்டான். பிள்ளைகளின் கை படுவது 24 வோல்ட் பக்கம் மட்டும். மெஷினுக்குப் பதிலாக ஒரு ஊதா பல்ப், விசிறிக்கு ஒரு சின்னக் காத்தாடி, ஹீட்டருக்கு ஒரு மஞ்சள் பல்ப்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆறு பேர் வந்தார்கள். இரண்டு பேர் என்னுடைய பழைய மாணவர்கள், விசாவுக்குக் கொடுத்துவிட்டு இருப்பவர்கள். மற்றவர்கள் அவர்களின் கூட்டாளிமார்.

தம்பி சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

தேர்மோஸ்டட் என்பது வெறும் சுவிட்ச். குளிரை அது உண்டாக்குவதில்லை. அறை சூடானால் இரண்டு வயரைச் சேர்க்கும், போதுமான அளவு குளிர்ந்தால் பிரிக்கும். அதில் ஐந்து முனை. ஆர் என்பது ட்ரான்ஸ்போமரிலிருந்து 24 வோல்ட் வருகிற முனை. வை என்பது கம்ப்ரஸருக்கு. ஜி என்பது விசிறிக்கு. டபிள்யூ என்பது சூடாக்க. சி என்பது மின் திரும்பிப் போகிற பொது வழி. குளிர் வேண்டுமென்றால் பெட்டி ஆரையும் வையையும் சேர்க்கும். மின் வை வழியாகப் போய் ரிலேயின் கொயிலுக்குள் ஓடி, சி வழியாக ட்ரான்ஸ்போமருக்குத் திரும்பும். கொயில் காந்தமாகி, அந்தப் பக்கம் 230 வோல்ட்டைச் சேர்க்கும். சின்ன மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்துக்குக் கதவைத் திறந்து விடுகிறது.

"சவூதியில எதுக்கு சேர் ஹீட்டர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. தம்பி சிரித்தான். "ரியாத்துக்கு ஜனவரி மாசம் போய்ப் பாரு. இராவில பத்துக்குக் கீழ இறங்கும். ஒட்டகமே நடுங்கும்."

பழைய பெட்டிகளுக்கு சி வயர் தேவைப்படவில்லை. உள்ளே சுருள் ஒன்று வெப்பத்தில் வளைந்து சுவிட்சைத் தட்டும், அதற்குச் சொந்தமாகக் கரண்ட் வேண்டாம். இப்போது வருகிற வைபைப் பெட்டிகளுக்குத் திரை எரிய, சிக்னல் பிடிக்க எப்போதும் கரண்ட் வேண்டும். பழைய வீட்டில் நாலு வயர்தான் இழுத்திருப்பார்கள். புதுப் பெட்டியைப் பூட்டியதும் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணையும். ஹெல்பர் பெட்டி பழுது என்பான். பழுது பெட்டியில் இல்லை, ஐந்தாவது வயர் இல்லை.

அந்தச் சுருளைத்தான் நான் 19 வருடமாகப் படிப்பித்து வருகிறேன். இரண்டு உலோகத்தை ஒட்டிய கீலம், சூடானால் ஒன்று கூட விரியும், அதனால் வளையும். கரும்பலகையில் படம் கீறியிருக்கிறேன், புள்ளி போட்டிருக்கிறேன். ஒரு நாளும் கையில் எடுத்துக் காட்டியதில்லை.

பிறகு தம்பி என்னைப் பார்த்து, "காக்கா, நீங்க பூட்டுங்க" என்றான்.

பிள்ளைகளுக்கு முன்னால் மறுக்க முடியுமா? ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஆர் வயரின் தோலைத் தேவைக்கு மேல் உரித்துவிட்டேன். பூட்டப் போகும்போது அதன் நுனி பக்கத்தில் இருந்த சி முனையில் பட்டது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பெட்டி செத்துப் போனது. பிரேக்கரை இறக்க மறந்திருந்தேன். விஞ்ஞான ஆசிரியர்!

பிள்ளைகள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். நடுக்கம்பி உருகியிருந்தது.

"இத வெச்சிரிக்கிறதே இதுக்குத்தான். இது இல்லாட்டி இப்ப ட்ரான்ஸ்போமர் கருகும். நான் போன முதல் மாசம் இதே வேலையத்தான் செஞ்ச. அங்க பியூஸ் இல்ல. போர்ட் போச்சி. சம்பளத்தில வெட்டினாங்க. அழுதன் காக்கா. வீட்டுக்குச் சொல்லல்ல."

16 வருடம் கழித்து அந்தக் கதையை நான் திண்ணையில் ஆறு பிள்ளைகளோடு இருந்து கேட்கிறேன். அந்த மாதமும் அவன் காசு அனுப்பியிருந்தான். அந்தக் காசில்தான் ராத்தாவின் கலியாணக் கடனில் ஒரு பங்கு அடைந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை கை முறிந்த பொடியனும் வந்தான். நான் இரண்டு தரம் கூப்பிட்டும் வராதவன். கடைசியில் தம்பிதான் ஓட்டோ கொண்டு போய் ஏற்றி வந்தான். பின்னால் மதிலோடு குந்திக்கொண்டிருந்தான். அன்று பாடம் எப்படி டெஸ்ட் பண்ணுவது என்பது. தம்பி மல்டிமீட்டரை அவனிடம் நீட்டினான். "நீ சொல்லிக் குடு. உனக்குத்தான் இது தெரியும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு இடது கையால் மீட்டரை வாங்கினான். அவன் சொன்னதை அப்படியே போடுகிறேன், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

"ஒரே மாதிரிப் பெட்டி எண்டு நம்பாதீங்க. சில பில்டிங்கில குளிர் தண்ணி பைப்பில வரும், ரூமுக்குள்ள விசிறி யூனிட் இரிக்கும். அதுக்குப் பூட்டுற பெட்டிக்கு நேரா 230 வரும். மொத்த வயரும் கறுப்பு, ஊதா, மண்ணிறம் எண்டு வந்தா யோசிங்க. ஆனா நிறத்தையும் நம்பாதீங்க, முந்தி வந்தவன் எத எங்க பூட்டினானோ. கழட்ட முந்தி போன்ல போட்டோ எடுங்க. எந்த முனையில எந்த வயர் எண்டு பேப்பர் ஒட்டுங்க. பிரேக்கர இறக்குங்க. மறுகா மீட்டர முதல்ல கரண்ட் உள்ள ஒரு பிளக்கில வெச்சிப் பாருங்க, மீட்டர் வேல செய்யுதா எண்டு. மறுகா உங்கட வயரப் பாருங்க. திரும்பவும் பிளக்கில பாருங்க. மூண்டும் சரி எண்டா மட்டும் கைய வைங்க. ஃபோமன் அவசரப்படுத்துவான். ஏசட்டும்."

யாரும் பேசவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து ஒரு ஓட்டோ பாட்டோடு போனது மட்டும் கேட்டது.

இதில் எனக்கென்று ஒரு பாடமும் இருந்தது. அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிற மின்சாரக் கருவிக்கு 1883இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தவர் வாரன் ஜோன்சன். விஸ்கொன்சினில் வைட்வோட்டர் என்ற ஊரில் ஆசிரியர் கலாசாலையில் படிப்பித்தவர். அங்கே குளிர். அடுப்பு நிலக்கீழ் அறையில். வகுப்பு நடக்கும்போது காவலாளி ஒவ்வொரு அறையாக வந்து சூடு போதுமா என்று பார்த்துவிட்டுப் போவாராம். பாடம் குழம்பும். அறை குளிர்ந்தால் கீழே மணி அடிக்கிற மாதிரி அவர் ஒன்றைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்குச் சுவரில் இருக்கிற பெட்டி. தன் வகுப்பறையின் தொல்லையைத் தீர்க்க ஓர் ஆசிரியர் கையால் செய்த சாமான். அதை நான் பிள்ளைகளுக்கு இரண்டு புள்ளி வினாவாக மட்டும் கொடுத்து வந்திருக்கிறேன்.

2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். நம்மட கரையோரத்திலும் வீட்டுக்கு வீடு ஒருவர் போனார். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் வீட்டுக் கூரையே தம்பியின் காசு. ஆனால் 'ஹெல்பர்' என்ற ஒரு சொல்லோடு மட்டும் பிள்ளையை விமானம் ஏற்றாதீர்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையில் குளிரூட்டல், ஏசி பாடநெறிகள் இருக்கின்றன. என்.வி.கியூ சான்றிதழோடு போகிறவரின் வேலையும் சம்பளமும் வேறு. ஏற்கெனவே பல வருடம் கையால் வேலை செய்தவர்கள் வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டுக்குப் போய் அந்தச் சான்றிதழை எடுக்க முடியும். விடுமுறையில் வந்து நிற்கிற சகோதரர்கள் இதைக் கவனியுங்கள்.

தம்பி திரும்பிப் போய்விட்டான். போகும்போது விமான நிலைய வேனில் ஏறுமுன், "காக்கா, பலகையில உப்புக்காத்துப் படாமத் துணி போட்டு மூடுங்க. முனையெல்லாம் பச்சை புடிச்சிரும்" என்றான். அதைவிட வேறொன்றும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அந்தப் பழைய ஏச்சுக்கு மன்னிப்பு. வேன் போன பிறகு வட்ஸ்அப்பில் எழுதினேன். ஒரு சிரிப்புப் பொம்மை போட்டு, "பியூஸ் மாத்தினீங்களா?" என்று கேட்டிருந்தான்.

மாற்றிவிட்டேன்.

பலகை திண்ணையில் இருக்கிறது, துணி போட்டு மூடியபடி. வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு துணியை எடுக்கிறோம். இப்போது படிப்பிப்பது அந்தப் பொடியன்தான். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றுகிறேன். மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது, அதனால் ஸ்க்ரூவை இடது கையால் முறுக்கப் பழகிவிட்டான். உல்லையில் இரண்டு விடுதிகளின் ஏசி சேர்விஸும் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. உம்மாவின் நகை இன்னும் திரும்பவில்லை, இன்ஷா அல்லாஹ் திரும்பும்.

யாருடைய பிள்ளைக்காவது விசா வந்திருந்தால், போக முந்தி இரண்டு வெள்ளிக்கிழமை அனுப்பி வையுங்கள். காசு வேண்டாம். தோல் உரிக்கிற குறடு ஒன்று இருந்தால் கொண்டு வரச் சொல்லுங்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.