பலகைத் தடங்கள்

போர்க்காட்சிகளைச் சிற்றுருவாக அமைப்போர் பங்கர் எனப்படும் கான்கிரீட் காப்பரணை இரு வழிகளில் பெறுகின்றனர். ரெசின் அல்லது பிளாஸ்டர் வார்ப்பாக விலைக்கு வாங்கலாம். நுரைப்பலகையை அறுத்து ஒட்டித் தாமே கட்டலாம். அளவுக் கணக்கு எளிது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் எழுப்பிய அட்லாண்டிக் அரணில் பரவலாக அமைந்த 2 மீட்டர் தடிமச் சுவர், 1:35 விகிதத்தில் 57 மில்லிமீட்டராகிறது.

கடினமானது மேற்பரப்பே. வழவழப்பாகச் சாம்பல் வண்ணம் பூசி முடித்தால் அது வெறும் பெட்டி. நார்மண்டிக் கரையில் இன்றும் நிற்கும் பல காப்பரண்களில் சென்ட்ரிங் பலகைகளின் தடம் வரிவரியாகத் தெரிகிறது. 10 சென்டிமீட்டர் அகலப் பலகை 1:35-இல் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. தேர்ந்தோர் அந்த அகலத்தில் பால்சா மரக்கீற்றுகளை அடுக்கி, அச்சமைத்து, பிளாஸ்டரை ஊற்றுகின்றனர். அசல் வேலையும் இப்படித்தான் நடந்தது.

அவ்வேலையைச் செய்தவர் யார் என்பதே காட்சிப்பெட்டிகளில் பெரும்பாலும் விடுபடுகிறது. 1942 முதல் நார்வேயிலிருந்து ஸ்பெயின் எல்லைவரை நீண்ட அரணைத் தோட் அமைப்பு கட்டியது. கூலித் தொழிலாளரோடு சோவியத் போர்க்கைதிகளும், ஸ்பானியக் குடியரசு அகதிகளும், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளிலிருந்து கட்டாயமாகக் கொணரப்பட்டோரும் அதில் உழைத்தனர். பீரங்கியருகே படைவீரனை நிறுத்தும் கலைஞர், பலகை சுமப்பவன் ஒருவனையும் நிறுத்தலாம். இடமில்லையெனில், அந்த வரிகளையேனும் பூசி மறைக்காதிருக்கலாம்.