இடக்கரடக்கலும் ஓர் இருமலும்

நன்னூல் கூறும் இடக்கரடக்கலை நடத்தும்போது, 'கால் கழுவி வந்தான்' என்பதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வது அது. சொல்லாமலே விடுவது அன்று. ஆயினும் தும்மும்போதும் உரக்கச் சிரிக்கும்போதும் சிறுநீர் கசிவதைப் பற்றி, நாற்பதைக் கடந்த பெண்களாகிய நாங்கள் ஆசிரியர் அறையில் மறைத்துக்கூடச் சொல்வதில்லை. அடர்நிறச் சேலையைத் தேர்கிறோம். பேருந்துப் பயணமென்றால் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறோம்.

தண்ணீரைத் தவிர்ப்பது தீர்வன்று. செறிந்த சிறுநீர், பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், மலச்சிக்கலும் சேரும். பெரும்பாலும் காணும் கசிவு இருவகை. மகப்பேற்றுக்குப் பின்னும் மாதவிடாய் நின்ற பின்னும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்து, இருமும்போது கசிவது ஒன்று. அடக்கவியலாத உந்துதலோடு கசிவது மற்றொன்று. முன்னதற்கு, அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதிய பயிற்சியே இன்றும் முதற்சிகிச்சை. சிறுநீரை அடக்குவதுபோல அத்தசைகளை இறுக்கித் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதங்கள். கரும்பலகையின் முன் நின்றபடியே செய்யலாம்; எவரும் அறியார். பின்னதற்கு, கழிப்பறை செல்லும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழகுதலும் காப்பி, தேநீரைக் குறைத்தலும் உதவும். எரிச்சலோ இரத்தமோ கண்டால் தாமதியாமல் மருத்துவரை நாட வேண்டும்.

மூப்பின் விதியென்று எங்கள் தாய்மார் வாய்திறவாமல் பொறுத்துக்கொண்டது, பலருக்குப் பயிற்சியால் குறையக்கூடிய தளர்ச்சிதான். நாணத்திற்கு இலக்கணமே வழி விட்டிருக்கிறது. அவ்வழியிலேனும் தோழியிடமும் மருத்துவரிடமும் சொல்லத் தொடங்குவோம்.