வர்ம ஆசானின் கட்டைவிரல்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட ஒரு வர்ம வைத்தியசாலை. நான் போனபோது, பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் மரப்பலகையில் மல்லாந்து படுத்திருந்தார். விடியுமுன்பே மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிற வேலை. இடுப்பில் தொடங்கும் வலி பிட்டம், தொடையின் பின்புறம் என்று இறங்கிக் கணுக்கால்வரை சுண்டி இழுக்கிறதாம். டாக்டர்கள் சயாட்டிகா என்று சொல்லும் வலி.

எழுபதைத் தாண்டிய ஆசான் உடனே எண்ணெயைத் தொடவில்லை. வலிக்கிற காலை முட்டு மடங்காமல் மெல்லத் தூக்கினார். அவர் பார்வை நோயாளியின் முகத்திலேயே இருந்தது. பாதி உயரத்தில் முகம் சுருங்கியதும் நிறுத்திவிட்டார். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் எதிர்த்து அழுத்திப் பலம் பார்த்தார். பிறகு, "ஒண்ணுக்கு ஒழுங்காப் போவுதா மக்ளே? உக்காருத இடம் மரத்துப்போச்சா?" என்று கேட்டார். நரம்பு மருத்துவரும் இப்படித்தான் தொடங்குவார்.

இடுப்பின் அடியிலிருந்து வரும் 5 நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பாகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு இதுதான். பெரும்பாலும் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி வேரை நெருக்குவதால் வலி வருகிறது. சிலருக்குப் பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் தசை இறுகி, அதன் அடியில் போகும் நரம்பைப் பிடிக்கிறது.

ஆசான் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான தைலத்தைப் புறங்கையில் சொட்டிப் பார்த்த பிறகே தடவத் தொடங்கினார். இப்படித் தடவிப் பிடிக்கும் தொக்கணத்தைச் சித்த மருத்துவம் 9 வகையாகச் சொல்கிறது. அன்று நான் கண்டவை பிடித்தல், அழுத்தல், அசைத்தல் மட்டுமே. இடுப்பின் இரு பக்கச் சதையையும் உள்ளங்கை அடியால் நீவினார். பிட்டத்தில் ஓரிடத்தில் கட்டைவிரல் நின்றது. சதை இளகும்வரை அப்படியே காத்திருந்தார். "தண்டுவடத்து மேல கை வைக்கப்பிடாது. ரெண்டு பக்கத்துச் சதைதான் நமக்கு" என்றார். உடம்பில் வர்மப் புள்ளிகள் 108 என்றும் அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்றும் சொல்லும் மரபு அவருடையது. அடிமுறை என்னும் சண்டைக்கலையும் மருத்துவமும் ஒரே களரியில் கற்றவர். எங்கே அடித்தால் ஆபத்து என்று படித்த கைக்கு, எங்கே அழுத்தக்கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. இந்தத் தொழிலின் உயிரே இதுதான் என்று எனக்குப் பட்டது.

பிதுங்கிய வட்டைத் தடவி உள்ளே தள்ள முடியாது. அப்படி யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இறுகிய தசை தளரும், வலி குறையும், நடமாட முடியும். அது ஏழைத் தொழிலாளிக்குச் சின்ன உதவியல்ல. வட்டுக் கோளாறால் வரும் வலி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிகிறது. ஆசானும் அதை மறைக்கவில்லை. "பாதி நாங்க, பாதி நாள்" என்றார்.

பல காலம் அழுத்திய அவர் கட்டைவிரல் அடிமூட்டு புடைத்திருக்கிறது. இப்போது முழங்கையும் முன்கையும்தான் அதிகம் வேலை செய்கின்றன. சித்த மருத்துவப் பட்டம் பெற்ற பெண் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருந்தார். பாடத்தில் தொக்கணமும் வர்மமும் உண்டு. ஆனால் அழுத்தத்தின் அளவை ஏட்டில் எழுதமுடியாது. இந்தக் கைகள் ஓயுமுன் இன்னும் பலர் இப்படி வந்து நிற்கவேண்டும்.

வாசகர்களுக்கு ஒன்று. கால் பலம் இழந்தால், உட்காரும் இடம் மரத்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினால், தடவப் போகாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இவற்றைக் கேட்காமலே எண்ணெயைக் கையில் எடுப்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.