எரிமலை விளிம்பில் ஒரு ஹாலிடே!

வெள்ளை வெளேர்னு வீடுகள், மேல நீலக் குவிமாடம், கீழ அதைவிட நீலமா கடல்... இந்த வால்பேப்பரை உங்க ஹாஸ்டல் ரூம்ல யாராவது ஒருத்தர் லேப்டாப்புல கட்டாயம் பார்த்திருப்பீங்க. அதுதான் சாண்டோரினி! ஏஜியன் கடல்ல இருக்கிற கிரேக்கத் தீவு. உள்ளூர்க்காரங்களுக்கு அது ‘தீரா’.

போட்டோவுல தெரியாத ஒரு விஷயம் இருக்கு. நீங்க நிக்கப் போறது ஒரு எரிமலையோட விளிம்புல! சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னாடி எரிமலை வெடிச்சதுல, தீவோட நடுப்பகுதி உள்ளே சரிஞ்சு கடல் புகுந்துடுச்சு. மிச்சம் நின்ன பிறை வடிவ விளிம்புதான் இன்னிக்கு ஊர். சுமார் 300 மீட்டர் செங்குத்துப் பாறைக்கு மேல வீடு கட்டி, பூந்தொட்டியும் வெச்சிருக்காங்க பாருங்க, அந்த தைரியத்துக்கே ஒரு சல்யூட் அடிக்கலாம்!

ஏதென்ஸ் வரை ஃப்ளைட். அங்கே பிரேயஸ் துறைமுகத்துல கப்பல் ஏறினா, சாதா கப்பல்ல 8 மணி நேரம், வேகக் கப்பல்ல 5 மணி நேரம். ஷெங்கன் விசா முக்கியம். சரி, போய் இறங்கியாச்சு. என்ன பண்ணலாம்?

நடராஜா சர்வீஸ்!

தலைநகர் ஃபிராவுல இருந்து வடக்கு முனையில இருக்கிற ஓயா வரைக்கும் பாறை விளிம்பை ஒட்டியே 10 கிலோமீட்டர் நடைபாதை. பைசா செலவில்லை. மூணு, நாலு மணி நேரம் ஆகும். வழியில நிழலே கிடையாது. அதனால காலையிலேயே கிளம்புங்க. தொப்பியும் தண்ணி பாட்டிலும் மறக்காதீங்க.

ஓயாவுல சூரியன் மறையறதைப் பார்க்க ஒரு மாநாட்டுக் கூட்டமே சேரும். கூட்டம் அலர்ஜியா? தெற்குப் பக்கம் அக்ரோதிரி கலங்கரை விளக்கத்துக்கோ, மேட்டுல இருக்கிற பிர்கோஸ் கிராமத்துக்கோ போங்க. அதே சூரியன்தான் பாஸ், அங்கேயும் மறையுது!

ஃபிராவுல இருந்து பழைய துறைமுகத்துக்கு இறங்க 580-க்கும் மேல படிக்கட்டுகள். “கழுதை மேல வர்றீங்களா?”னு கேப்பாங்க. பாவம் அதுங்க. 100 கிலோவுக்கு மேலயோ, தன் எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேலயோ கழுதை மேல ஏத்தக்கூடாதுனு 2018-லயே கிரீஸ் அரசு சொல்லிடுச்சு. கால் இருந்தா நடங்க. இல்லைன்னா கேபிள் கார் இருக்கு.

தக்காளி பக்கோடா

மழை ரொம்பக் கம்மியான ஊர் இது. காத்துக்குத் தப்பிக்க, திராட்சைக் கொடியைத் தரையோட தரையா கூடை மாதிரி சுத்தி வளர்க்கிறாங்க. பழம் அந்தக் கூடைக்குள்ளே பத்திரமா இருக்கும். கடல் பக்கமிருந்து வர்ற பனி ஈரத்துலயே கொடி பிழைச்சுக்குது. இங்கே விளையற குட்டித் தக்காளியில பக்கோடா மாதிரி ஒண்ணு பொரிக்கிறாங்க. மஞ்சள் பருப்பைக் குழைய வேகவெச்சு ஆலிவ் எண்ணெய் ஊத்தின ‘ஃபாவா’வும் உண்டு. பருப்புக் கடையல் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை!

சாம்பலுக்கு அடியில ஒரு ஊர்

பீச்சுக்கு ஒரு நாள் கம்மியானாலும் பரவாயில்லை, அக்ரோதிரியை மட்டும் விட்டுடாதீங்க. எரிமலைச் சாம்பல் மூடின பழங்கால நகரம் அது. ஸ்பிரிடான் மரினாடோஸ்ங்கிற தொல்லியல் அறிஞர் 1967-ல தோண்ட ஆரம்பிச்சார். மாடி வீடுகள், தெருவுக்கு அடியில சாக்கடை, ஒரு வீட்டு மாடியில டாய்லெட்கூட இருக்கு!

அங்கே கிடைச்ச சுவரோவியம் ஒண்ணு ஃபிரா மியூசியத்துல இருக்கு. அதுல தாவுற நீலக் குரங்குகள், வாலைத் தூக்கி வெச்சிருக்கிற விதத்தைப் பார்த்தா நம்ம இந்தியத் துணைக்கண்டத்து லங்கூர் குரங்குகள்தான்னு ஆராய்ச்சியாளர்கள் சிலர் 2019-ல சொன்னாங்க. பாஸ்போர்ட் இல்லாத காலத்துலயே அந்தக் குரங்கோட உருவம் அவ்வளவு தூரம் போயிருக்கு!

ஆனா உங்களை நின்னு யோசிக்க வைக்கப் போறது வேற ஒண்ணு. தோண்டின இடத்துல, எரிமலைக்குப் பலியானவங்க எலும்புக்கூடு ஒண்ணுகூடக் கிடைக்கலை. நகை நட்டும் கிட்டத்தட்ட இல்லை. நிலநடுக்கம் எச்சரிச்சதும் எல்லாரும் மூட்டை கட்டிட்டாங்கனு நினைக்கிறாங்க.

இதைப் பழங்கதைனு தள்ளிட முடியாது. 1956 நிலநடுக்கம் இந்தத் தீவுல பல வீடுகளைத் தரைமட்டமாக்குச்சு. 2025 ஜனவரி கடைசியில மறுபடியும் நிலம் அதிர ஆரம்பிச்சது. ஆயிரக்கணக்கான அதிர்வுகள். பள்ளிகளை மூடிட்டாங்க. 11,000 பேருக்கு மேல கப்பலும் விமானமும் பிடிச்சுக் கிளம்பினாங்க. எரிமலை வெடிக்கலை. அதிர்வு அடங்கினதும் திரும்பி வந்து, கடையைத் திறந்து, சுவருக்கு வெள்ளை அடிச்சாங்க.

நீங்க விருந்தாளி!

சுமார் 15,000 பேர் வாழற இந்தத் தீவுக்கு 2023-ல வந்தவங்க 34 லட்சம் பேர்! கிடைச்ச அறையெல்லாம் ஓட்டலாகிட்டதால, வெளியூர்ல இருந்து வேலைக்கு வர்ற டீச்சருக்கு வாடகை வீடு கிடைக்கிறதே கஷ்டம். அதனாலதான் 2025-ல சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு ஒரு நாளைக்கு 8,000 பேர்னு வரம்பு வெச்சாங்க.

அதனால ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஏப்ரல், மே இல்லைன்னா செப்டம்பர் கடைசியில போங்க. உள்ளூர் பஸ்ல சுத்துங்க. கிராமத்துல தங்குங்க. போட்டோவுக்காக யார் வீட்டு மொட்டை மாடியிலயும் ஏறாதீங்க. அந்த மாடிக்குக் கீழே ஒரு குடும்பம் இருக்கு. எப்போ கிளம்பணும்னும் அவங்களுக்குத் தெரியும், எப்போ திரும்பி வரணும்னும் தெரியும். சன்செட்டைப் பார்த்து முடிச்சதும் அவங்களுக்கு ஒரு ‘எஃப்காரிஸ்தோ’ சொல்லிட்டு வாங்க. கிரேக்க மொழியில அதுக்கு ‘நன்றி’னு அர்த்தம்!